அச்சின் பயணம் – 11: விருத்தாசலம் பிளாஸ்டரும் வண்டலூர் ஹெரால்டும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அச்சுக்கு ஆயுசு குறைவு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் எடுத்த அச்சு சில பத்து வார்ப்புகளுக்குத் தாங்கும். பதமாகக் காயவைத்துப் புழங்கினால் நூறு வரை இழுக்கலாம். அதற்குமேல் போனால் விநாயகரின் தும்பிக்கை மடிப்பு மழுங்கிவிடும், அம்மனின் மூக்குத்தி காணாமல் போகும். அப்போது அச்சைத் தூக்கி எறிந்துவிட்டு, மூலப் பொம்மையிலிருந்து புதிதாக ஒன்று எடுப்பார்கள். பிளாஸ்டர் மலிவு, எடுக்கத் தெரிந்த கையும் ஊரிலேயே இருக்கிறது. அச்சை இழந்ததற்காக இங்கே யாரும் தொழிலை இழப்பதில்லை.

இந்த இதழில் நாம் பார்க்கப்போகும் பண்டம் இதற்கு நேர் எதிர். பிளாஸ்டிக் மாடல் கார் கிட். ஒரு பெட்டிக்குள் சட்டங்களில் ஒட்டியபடி வரும் சக்கரம், இருக்கை, ஸ்டீயரிங், பம்பர் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, வர்ணம் தீட்டி, நிஜக் காரின் 24-ல் ஒரு பங்கோ 32-ல் ஒரு பங்கோ ஆன வண்டியாக்குவது. அதை வார்க்கும் எஃகு அச்சு ஐம்பது, அறுபது வருடம் உயிரோடு இருக்கும். செய்த நிறுவனம் திவாலாகும், வாங்கிய நிறுவனமும் திவாலாகும், அச்சு மட்டும் கப்பலேறி அடுத்த ஊருக்குப் போகும். அப்படிக் கைமாறிய சில அச்சுகளின் வழி இந்தியாவைத் தொட்டுச் சென்றது. அந்த வழியைத்தான் இம்முறை பிடித்துப் போகிறோம். விருத்தாசலத்திலிருந்து புறப்படுவதற்குக் காரணம் உண்டு: அச்சு என்றால் என்ன, அது எங்கே பிரியும், எங்கே சிக்கும் என்பதை அந்த ஊர்க்காரர்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் தமிழ்நாட்டில் குறைவு.

சென்ற முறை நெய்வேலி மண்ணைப் பார்த்தோம். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, மறு வருடம் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை அள்ளியபோது வெள்ளைக் களிமண்ணும் கூடவே வந்தது. அதைக் கழுவிச் சுத்தம் செய்ய நெய்வேலியில் தனி ஆலையே இருந்தது. பக்கத்தில் களிமண், நாலா பக்கமும் ரயில் பிரியும் ஜங்ஷன், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு அரசுக் கல்விக்கூடம். இப்படித்தான் பழமலைநாதர் கோயில் ஊர் செராமிக் ஊராகவும் ஆனது. அகல் விளக்கு, கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை, மின் ஃபியூஸ் கேரியர் என்று இங்கிருந்து போகாத வீடு குறைவு.

பொம்மை வார்க்கும் முறை பார்வைக்கு எளிது. களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மாவு மூன்றையும் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் ஓட கொஞ்சம் சோடியம் சிலிகேட் சேர்த்து, அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். அச்சின் உள்சுவரை ஒட்டி மண் தோலாகப் படியும். தேவையான கனம் வந்ததும் மீதிக் கரைசலைக் கவிழ்த்துவிடுவார்கள். அதனால்தான் பொம்மைக்குள் வெறும் கூடு. அரைகுறையாகக் காய்ந்ததும் அச்சைப் பிரிப்பார்கள். இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு எழும்பி நிற்கும். கத்தியால் அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். குழல் ஊதும் கண்ணனின் கை ஒரே அச்சில் வராது. கையைத் தனியாக வார்த்து, அதே களிமண் கரைசலைத் தொட்டு ஒட்டுவார்கள். பிறகு உலர்த்தல், சூளை, வர்ணம்.

கார் கிட் கட்டுபவரின் மேசையிலும் இதே வேலைதான் நடக்கிறது. காரின் கூரையிலும் பம்பர் ஓரத்திலும் அச்சு சேர்ந்த கோடு நிற்கும், அதைச் சீவாமல் வர்ணம் அடித்தால் பளபளப்பில் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டும் திரவம் பசையே அல்ல. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து, இரண்டு துண்டையும் ஒன்றாக உருக வைக்கும் கரைப்பான் அது. களிமண்ணைக் களிமண்ணால் ஒட்டுவது போல பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காலேயே ஒட்டுகிறது.

வேறுபாடு அச்சில். சூடாக உருக்கிய பிளாஸ்டிக்கை மிகுந்த அழுத்தத்தில் உள்ளே தள்ளுவதால் பிளாஸ்டர் தாங்காது. எஃகு வேண்டும். எஃகில் குழி வெட்டும் வேலை பல லட்ச ரூபாய்ச் சங்கதி. அந்தக் காலத்தில் பொருளின் பெரிய உருவை மரத்தில் செதுக்கி, பாண்டோகிராஃப் என்ற கருவியின் ஒரு முனையால் அதைத் தடவ, மறு முனை சின்ன அளவில் எஃகைக் கொத்தும். பல மாத வேலை. அந்தச் செலவு திரும்ப வர ஆயிரமாயிரம் பெட்டி விற்றாக வேண்டும். விருத்தாசலத்திலும் இந்தக் கணக்கு தெரியாததல்ல. லட்சக்கணக்கில் வேண்டிய மின் பீங்கான் சாமான் என்றால் இரும்பு டையில் அழுத்தி எடுக்கலாம். நவராத்திரிக்குச் சில நூறு மட்டும் போகும் பொம்மைக்கு யார் எஃகு வெட்டுவார்?

இன்னொரு வேறுபாடும் உண்டு, மாடல் கார் பிரியர்களுக்கு அது முக்கியம். சூளையிலிருந்து வரும் மண் சுருங்கும், பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட. வெந்த பொம்மையையே மூலமாக வைத்து அச்சு எடுத்தால் அடுத்த தலைமுறை இன்னும் குள்ளமாகும். 32-ல் ஒரு பங்கு காரை இப்படி நகலெடுத்தால், நகல் கிட்டத்தட்ட 36-ல் ஒரு பங்காக நிற்கும். பாலிஸ்டைரீன் சுருங்குவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அளவுக் கணக்கில் பிடிவாதமான இந்தப் பொழுதுபோக்கு மண்ணைவிட்டுப் பிளாஸ்டிக்கைப் பற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். நம் கொலுப் படிக்கு அந்தக் கவலை கிடையாது. பூங்காவில் நிற்கும் பிளாஸ்டிக் பஸ்ஸைவிடச் செட்டியார் பொம்மை பெரியது, யாரும் கேள்வி கேட்டதில்லை.

பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தை 1939-ல் தொடங்கியவர் நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள், பிறகு சீப்புகள். போருக்குப் பின் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரத்தை வாங்கிச் சீப்பு செய்துகொண்டிருந்தவர்களிடம் ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனம் வந்தது. விற்பனைப் பிரதிநிதிகள் கையில் கொண்டுபோக ஒரு குட்டி டிராக்டர் வேண்டும் என்றது. துண்டுகளைக் கோத்து முழு டிராக்டராகத் தருவது வேலையும் செலவும் இழுத்தது. துண்டுகளாகவே கொடுத்தால் வாங்குபவர் கோத்துக்கொள்ளட்டுமே என்று யோசனை வந்தது. 1940களின் இறுதியில் வந்த அந்த டிராக்டர்தான் ஏர்ஃபிக்ஸ் கிட்டுகளின் ஆதி. உலகில் எத்தனையோ பொழுதுபோக்குகள் தொழிற்சாலையின் சோம்பலில் பிறந்திருக்கின்றன, இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

நிஜ ஃபெர்குசன் டிராக்டரைக் கவென்ட்ரியில் உற்பத்தி செய்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான பெயர். அதைப் பிறகு பார்ப்போம்.

1952-ல் ஏர்ஃபிக்ஸ், டிரேக்கின் கோல்டன் ஹைண்ட் கப்பலை வூல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. அட்டைப் பெட்டி கட்டுப்படியாகாது என்று பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே மடித்த காகிதத் தலைப்பைக் குத்தினார்கள். பையன்களின் கைச்செலவுக் காசுக்குள் வந்ததும் கிட் ஓட ஆரம்பித்தது. 1956-ல் 1930-ஆம் வருட பென்ட்லி ஒன்று 1:32 அளவில் வந்தது. அதன் பின்னே 1960களில் மோரிஸ் மைனர், ரெனோ டோஃபின், சன்பீம் ரேப்பியர், ட்ரயம்ப் ஹெரால்டு என்று தெருவில் ஓடிய சாதாரணக் கார்கள் வரிசை கட்டின.

அமெரிக்கா வேறு வழியில் வந்தது. 1948-ல் டெட்ராய்ட் பக்கம் தொடங்கிய ஏஎம்டி, ஃபோர்டு ஷோரூம்களில் கொடுப்பதற்காக அந்தந்த வருடப் புதுக் காரின் குட்டி உருவங்களைச் செய்து தந்தது. ஆரம்பத்தில் அலுமினியம், அடுத்து பிளாஸ்டிக். காரின் உடம்பை நாலைந்து தகடாக ஒட்டாமல் ஒரே துண்டாக வார்க்க, பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும் அச்சுகள் தேவைப்பட்டன. கண்ணனின் கையைத் தனியாக வார்க்கும் விருத்தாசலத்துக்காரருக்கு அந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. ஷோரூமுக்காகச் செய்த அச்சு கையிலேயே இருந்ததால், 1958-ல் அதே உடம்பைத் துண்டுப் பெட்டியில் போட்டு, ஒரே கிட்டில் மூன்று விதமாகக் கட்டலாம் என்று விற்றார்கள்: கடையில் வந்தபடி, அலங்கரித்தபடி, பந்தயத்துக்கு. அமெரிக்கப் பையன்களுக்குப் பித்துப் பிடித்தது. 1:25 என்ற அளவு அந்த ஷோரூம் பொம்மைகளிலிருந்து தங்கிப்போனதுதான்.

ஜப்பானில் ஷிஸுவோகா ஊரின் மர அறுவை ஆலை ஒன்று மர மாடல்கள் செய்யத் தொடங்கி, 1960-ல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அது தமியா. 1:12 அளவில் போர்ஷே 934 கிட்டுக்காக அந்நிறுவனத்தின் ஷுன்சாகு தமியா ஒரு நிஜ போர்ஷே 911 காரையே வாங்கி, திருகு திருகாகக் கழற்றிப் பார்த்தார். 1976-ல் கிட் வந்தது. கார் கிட்டின் தரம் என்று இன்று நாம் எதைச் சொன்னாலும் தமியாவை அளவுகோலாக வைத்துத்தான் சொல்கிறோம். நம் கதை பழைய அச்சுகளைப் பற்றியது என்பதால் இதற்குமேல் அங்கே நிற்கத் தேவையில்லை.

இந்தியாவுக்கு முதலில் வந்தவை பிளாஸ்டிக் அச்சுகள் அல்ல, உலோகப் பொம்மைக் கார்களின் டைகள். லிவர்பூல் மெக்கானோ நிறுவனத்தின் டிங்கி கார்கள் உலகப் பிரசித்தம். மெக்கானோவைத் தொடங்கியவர் ஃபிராங்க் ஹார்ன்பி, இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள். அங்கே ஓய்ந்துபோன சில டைகள் 1960களின் இறுதியில் கல்கத்தாவின் அடாம்கோ நிறுவனத்துக்கு வந்தன. டிங்கி என்ற பெயர் இருந்த இடத்தில் நிக்கி என்று மாற்றி, இந்தியக் கடைகளில் விற்றார்கள். அதே கல்கத்தாவில் மில்டன் என்ற பெயரில் கார்கி கார்களை ஒட்டிய பொம்மைகளும் வந்தன. 1980களின் பிற்பகுதியில் லியோ மேட்டல் வழியாக ஹாட் வீல்ஸின் பழைய வார்ப்புகள் இங்கே உருவாயின. அந்நாளில் வர்ணம் கரடு, சக்கரம் கோணல் என்று அலட்சியமாகப் பார்க்கப்பட்ட இந்த இந்திய வார்ப்புகளை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். தேய்ந்த அச்சின் மழுங்கலே அவர்களுக்கு அடையாளம்.

பொம்மைக் கார்களுக்கு மட்டும் நேர்ந்ததா இது? அம்பாசிடர் யாருடைய அச்சு? மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் கருவிகள் உத்தர்பாராவுக்கு வந்து, பிரிட்டன் அந்தக் காரை மறந்த பிறகும் 2014 வரை அம்பாசிடரை வார்த்துக்கொண்டிருந்தன. பிரீமியர் பத்மினி ஃபியட் 1100. இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது சென்னைக்காரியான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

1948-ல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கியது. கவென்ட்ரி ஸ்டாண்டர்டின் கூட்டு. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் தொழிற்சாலை. பிரிட்டனில் ட்ரயம்ப் என்ற பெயரில் விற்ற ஹெரால்டு 1961-ல் அங்கிருந்து வரத் தொடங்கியது. 948 சிசி எஞ்சின், இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு. பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் முழுக்க மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாயும், மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம்.

ஹெரால்டே ஒரு கிட் என்பதுதான் விசேஷம். வழக்கமாக உடம்பு வார்த்துத் தந்த நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், ட்ரயம்ப் புதுக் காரின் உடம்பைப் பல பகுதிகளாகப் பிரித்தது. ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு இடத்தில் செய்து, தனிச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். அக்காலத்துக் கார்கள் உடம்பும் சட்டமும் ஒன்றாக மாறிக்கொண்டிருந்த நேரத்தில் இது பின்னோக்கிய ஏற்பாடுதான். ஆனால் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றி, தூர தேசத்தில் சேர்த்துக்கொள்ள இதைவிட வசதியான கார் கிடையாது. 1:32 ஏர்ஃபிக்ஸ் ஹெரால்டைக் கட்டிய லண்டன் பையனும், நிஜ ஹெரால்டை இறுக்கிய வண்டலூர்த் தொழிலாளியும் பிரித்து அடுக்கிய ஒரே காரைத்தான் சேர்த்தார்கள். பையனின் கார் முடிந்ததும் சுமார் 12 செ.மீ. நீளம் இருந்திருக்கும்.

வண்டலூர் வாங்கியதை அப்படியே வார்த்துக்கொண்டிருக்கவில்லை. குடும்பத்தோடு பயணிக்கும் நம்மூர் வழக்கத்துக்கு இரண்டு கதவு போதாது என்று, பிரிட்டனில் என்றுமே இல்லாத நாலு கதவு ஹெரால்டைச் செய்தது. 1971-ல் பிரிட்டனில் ஹெரால்டு நின்ற பிறகு, அதன் வழிவந்த கெஸல் 1970களின் இரண்டாம் பாதி வரை சென்னையில் வந்தது. ஒரு பழைய அச்சை வாங்கி, வெட்டி, நீட்டி, நம்முடையதாக்கியது இந்திய மோட்டார் தொழிலின் மிகத் துணிச்சலான வேலைகளில் ஒன்று என்பேன். அம்பாசிடருக்கு நாம் கொடுக்கும் புகழில் பாதியாவது ஹெரால்டுக்குச் சேர வேண்டும்.

ஏர்ஃபிக்ஸின் அச்சுகள் போன வழி இனி. 1971-ல் மெக்கானோவின் தாய் நிறுவனம் லைன்ஸ் பிரதர்ஸ் கவிழ, மெக்கானோவையும் டிங்கியையும் வாங்கியது ஏர்ஃபிக்ஸ்தான். வாங்கியது பாரமாயிற்று. 1979-ல் லிவர்பூல் தொழிற்சாலையை மூடினார்கள், 1981 ஜனவரியில் ஏர்ஃபிக்ஸே விழுந்தது. அச்சுகள் பாலிடாய் வழியாக, 1986-ல் வர்ண நிறுவனமான ஹம்ப்ரோலுக்குப் போயின. வார்ப்பு வேலை பிரான்சில், ஹெல்லர் ஆலையில். 2006-ல் ஹெல்லர் நொடித்தது, வார்த்துத் தர ஆளில்லாமல் ஹம்ப்ரோலும் நொடித்தது. அந்த வருடமே ஏர்ஃபிக்ஸை வாங்கியது ஹார்ன்பி. ஆம், மெக்கானோவைத் தொடங்கிய அதே ஃபிராங்க் ஹார்ன்பியின் பெயரைத் தாங்கிய ரயில் பொம்மை நிறுவனம். அமெரிக்காவிலும் இதே கதைதான். ஏஎம்டி அச்சுகள் 1978-ல் லெஸ்னிக்கு, பின்பு எர்ட்லுக்கு, கடைசியில் ரவுண்ட் 2 என்ற நிறுவனத்துக்கு. 2018-ல் ஹாபிகோ திவாலானபோது அதன் கையிலிருந்த ரெவெல் கிட் நிறுவனத்தின் அச்சுகள் ஜெர்மானியர் கைக்குப் போயின.

ஹார்ன்பி ஏர்ஃபிக்ஸ் வார்ப்பின் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்பியது. 2010களில் உலகெங்கும் கிட் கட்டியவர்கள் திறந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளின் பக்கவாட்டில் இந்தியாவில் தயாரானது என்று அச்சடித்திருந்தது. அந்த ஆண்டுகளில்தான் 1960களின் 1:32 ட்ரயம்ப் ஹெரால்டும், வர்ணமும் பசையும் தூரிகையும் சேர்த்துத் தொடக்கக்காரர் பெட்டியாக மறுபடி கடைக்கு வந்தது. நிஜக் காரின் கருவிகள் துருப்பிடித்துப் போனபின்னும் பொம்மைக் காரின் எஃகு வார்த்துத் தந்தது.

இவ்வளவு இருந்தும் இந்தியாவில் ஒரு பெரிய கார் கிட் நிறுவனம் ஏன் முளைக்கவில்லை? வார்க்கத் தெரியாததால் அல்ல. அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் டை வெட்டுபவர்களுக்குப் பஞ்சமில்லை. டெல்லியின் சென்டி டாய்ஸ் அம்பாசிடரையும் ஆட்டோவையும் முழுப் பொம்மையாகவே வார்த்து, தேர்க்கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டது. சிக்கல் கணக்கில்தான். குழந்தைக்கு வாங்கும் பெற்றோர் ஓடும் காரைத்தான் கேட்பார்கள், ஒட்டும் காரை அல்ல. ஒட்டுகிற பெரியவர்களோ நாடெங்கும் சிதறிக் கிடக்கும் சிறு கூட்டம். 2001 வரை இறக்குமதிக்கு இருந்த கெடுபிடியில் இரண்டு தலைமுறைப் பையன்கள், வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா கொண்டுவந்தால்தான் கிட்டைக் கண்ணால் பார்த்தார்கள். பழக்கம் ஊறாத இடத்தில் எஃகு வெட்ட யாரும் பணம் போடவில்லை.

அந்தச் சிறு கூட்டம் இப்போது பிடித்திருக்கும் வழி விருத்தாசலத்துக்கு வெகு அருகில் வருகிறது. நாலு கதவு ஹெரால்டு வேண்டுமா, பெரிய நிறுவனத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மூலத்தைக் கையாலோ முப்பரிமாண அச்சு இயந்திரத்திலோ செய்து, சிலிகோன் ரப்பரில் அச்சு எடுத்து, ரெசினை ஊற்றினால் போதும். ரப்பர் அச்சும் சில பத்து வார்ப்புகளில் கிழியும். கிழிந்தால் மூலத்திலிருந்து இன்னொன்று. இருபது பேருக்கு இருபது கார் செய்து நிறுத்திக்கொள்ளலாம். செராமிக் தொழிற்பேட்டையின் அச்சுக்காரர் ஒருவரை இந்த வேலையில் உட்கார வைத்தால், காற்றுக் குமிழி எங்கே தங்கும், அச்சை எத்தனை துண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதை முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

வெளிநாட்டுக் கிட்டையே வரவழைப்பவருக்குச் சுங்கத்துறை குறுக்கே நிற்கிறது. அதன் அட்டவணையில் பொம்மைகளும் அளவு குறைத்த மாடல்களும் 9503 என்ற ஒரே தலைப்பில்தான் கிடக்கின்றன. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க அதன் அடிப்படை வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. 2021 தொடக்கத்திலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைக்கு அதில் விலக்கு உண்டு, அது நியாயமானதே. நாற்பது வயதில் மேசை விளக்கடியில் கார் ஒட்டுபவருக்கு அந்த அட்டவணையில் தனி இடம் இல்லை. இந்தியாவில் வார்த்து, இங்கிலாந்துக்குப் போன ஏர்ஃபிக்ஸ் கார் ஒன்றை அவர் அங்கிருந்து தபாலில் வரவழைத்தாலும், வரி கட்டித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.